ரெண்டு ஆதரவு, ஒரு எதிர்ப்பு

எங்கள் கல்லூரி முதல்வர் சென்னைக்குப் போய்விட்டு வருகிறார் என்றாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அங்கே ஏதாவது ஒரு பயிலரங்கில் உட்கார வைத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, தோளில் மாட்டுகிற பை ஒன்றையும் கொடுத்து அனுப்புவார்கள். பையோடு ஒரு யோசனையும் வரும். பை அவருக்கு, யோசனை எங்களுக்கு. ஒரு வருஷம் நாற்காலிகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு வட்டமாகத் தரையில் உட்கார்ந்து பாடம் நடத்தச் சொன்னார். அடுத்த வருஷம் மாணவர்கள் ஆசிரியருக்கு மார்க் போட வேண்டும் என்றார். போட்டார்கள். நான் பாஸாகவில்லை.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் அவர் கொண்டுவந்தது இணைய விவாத மேடை.

"இனிமே டீச்சர் பேசக் கூடாது, பிள்ளைக பேசணும்" என்றார் ஆசிரியர் கூட்டத்தில். "நீங்க வாரம் ஒரு கேள்வி போடுங்க. புள்ளைக கம்ப்யூட்டர்ல அவுக அவுக கருத்தை எழுதுவாக. ஒருத்தருக்கொருத்தர் பதில் போடுவாக. கிளாஸ்ல வாயே தொறக்காத பிள்ளைகூட அங்கன வந்து வெளுத்து வாங்கும் பாருங்க."

எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வணிகவியல் ஆசிரியை. ஆனால் என் வாராந்திர மணிக்கணக்கு குறைகிறது என்று சொல்லி, எல்லா டிகிரிக்கும் கட்டாயமாக்கப்பட்டிருந்த சுற்றுச்சூழல் பாடத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஓசோன் படலத்துக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. யாருக்கும் வேண்டாத பாடம் என்பதால் எந்தச் சோதனை என்றாலும் அதில்தான் முதலில் செய்து பார்ப்பார்கள்.

விதிகளை முதல்வரே எழுதினார். ஒவ்வொருவரும் வாரம் ஒரு சொந்தக் கருத்து எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதியதற்குப் பதிலும் போட வேண்டும், அதில் ஒன்றாவது மறுப்பாக இருக்க வேண்டும். இதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார். வருகை குறைந்த மாணவர்கள் மேடையில் ஒழுங்காக எழுதியிருந்தால், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் கண்டோனேஷன் தரப்படும், அதாவது குறைந்த நாட்களை மன்னித்து ஹால் டிக்கெட் கொடுக்கப்படும். அவருடைய யோசனைகளிலேயே எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதைப் படித்தவுடன் எனக்கு ஒரு பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பி.காம். இரண்டாம் வருஷம், நாரணாபுரத்துப் பெண். அவள் அம்மா அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். இவள் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. ஆபரேட்டர், அதாவது கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவள். ஆடியில் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் பாதி நாள் வகுப்பில் அவள் பெஞ்ச் காலியாக இருக்கும். ஒருநாள் அவள் அம்மா என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"அங்கயும் இங்கயும் ஓடி ஓடிப் புள்ள துரும்பா போயிட்டா மேடம். இந்தப் பரீட்சைய எழுத விட்டாகன்னா படிக்கட்டும். ஆள் வரலன்னு சொல்லி விடமாட்டேன்னுட்டாகன்னா அம்புட்டுத்தான், பிரஸ்லயே முழுசா உக்கார வச்சிருவேன். எனக்கும் வேற வழி தெரியல" என்றார்.

நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மேடையில விடாம எழுதிரு. ஹால் டிக்கெட்டுக்கு நான் பாத்துக்கிறேன்."

"சரி மேடம்" என்றாள். ஒன்றரை வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என்று ஒன்று இருந்தது. ஏசி உண்டு, திரைச்சீலை உண்டு, ஒவ்வொரு மானிட்டர் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனம் உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லேப் பொறுப்பாளர் ஆலங்குளத்துக்காரர். சிமெண்ட் ஆலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், அதனால் தூசி என்றால் அவருக்குப் பரம்பரைப் பகை. மாணவர்களையும் அவர் தூசிக் கணக்கில்தான் வைத்திருந்தார். சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும், லேப் எப்போதும் பூட்டியிருக்கும்.

முதல் வாரம் திங்கட்கிழமை மட்டும் திறந்துவிட்டார். 'நம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் ஏன்?' என்று கேள்வி போட்டிருந்தேன். பிள்ளைகள் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து லீவ் லெட்டர் எழுதியிருந்தார்கள். மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் இருப்பதை இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி. மீதிப் பேர் 'முன்னவர் கூறியதையே நானும் வழிமொழிகிறேன்' என்று போட்டிருந்தார்கள். முன்னவர் எழுதியிருந்தது 'வணக்கம்' என்ற ஒரு வார்த்தை.

"ஏன் ஒருத்தர்கூட மறுத்து எழுதல?" என்று வகுப்பில் கேட்டேன்.

கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்தான். தாளாளருடைய தம்பி மகன் அதே வகுப்பில்தான் படித்தான், அவனைக் கண்ணால் காட்டிவிட்டு, "எதுக்கு மேடம் வம்பு? அவுக கம்பெனியிலதான் எங்கப்பா லோடு ஏத்துறாக. நான் போய் இவன் சொல்றது தப்புன்னு எழுதவா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். தாளாளரின் தம்பி மகனும் சிரித்தான். நல்ல பையன் அவன், பாவம், அவனோடு சண்டை போட ஆளே கிடைக்காமல் வளர்ந்தவன். எங்கள் தாளாளருக்குப் பட்டாசுக் கம்பெனி, அச்சகம், கல்லூரி மூன்றும் இருந்தன. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாவோ அம்மாவோ அவரிடமோ, அவர் சொந்தக்காரர்களிடமோ கைநீட்டிச் சம்பளம் வாங்கினார்கள். நானும் அவரிடம்தான் வாங்கினேன். சென்னைப் பயிலரங்கில் இந்த விவரத்தை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து லேப் மறுபடி பூட்டிக்கொண்டது. வெளியே போய் எழுதிவிட்டு வாருங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். மேடையே செத்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் திறந்து பார்த்தால் கருத்துகள் கொட்டிக் கிடக்கின்றன. அதுவும் எப்படிப்பட்ட கருத்துகள். 'தோழி கூறியது ஒருவகையில் உண்மையே எனினும் அவர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு' என்று ஒருத்தி. 'நண்பரின் வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் ஊருணிக்குத் தண்ணீர் தருமா?' என்று ஒருவன். லோடு ஏற்றுபவர் மகன் தாளாளரின் தம்பி மகனைக் கிழிகிழி என்று கிழித்திருந்தான். அவன் திருப்பி இவனைக் கிழித்திருந்தான். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்குபோட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பண்பாடு என்று நான் பூரித்துப் போனேன்.

சில கருத்துகள் 'அன்புடையீர்' என்று ஆரம்பித்தன. ஒன்று 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று முடிந்தது. அதையும் நான் நல்ல வளர்ப்பு என்றே எடுத்துக்கொண்டேன். மூளை இருக்கிறதா எனக்கு என்று இப்போது தோன்றுகிறது.

முதல்வர் தரையில் கால் பாவாமல் நடந்தார். யார் வந்தாலும் மேடையைத் திறந்து காட்டினார். தாளாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எம்புட்டு அடிக்குது?" என்று கேட்டார். காலண்டர் எத்தனை அடிக்கிறது என்று கேட்டுப் பழக்கப்பட்ட வாய். முதல்வர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு, "பரவால்லயே, சீசன் நேரத்துலயே இம்புட்டு ஓடுதே" என்று திருப்திப்பட்டுப் போனார்.

விருதுநகரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்திருந்தோம். பத்திரிகை அடிக்க நான் சிவகாசியில் அந்த நாரணாபுரத்துப் பெண் வேலை பார்த்த பிரஸ்ஸுக்கே போனேன். முன்னால் மேஜையில் மாதிரி ஆல்பம் கிடந்தது. பத்திரிகையோ காலண்டரோ, அதைப் புரட்டிப் பிடித்த நம்பரைச் சொன்னால் போதும், பெயரை மட்டும் மாற்றி அடித்துவிடுவார்கள். நான் புரட்டிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வகுப்புத் தலைவியின் குரல் கேட்டது.

"ஏ புள்ள, இந்த வாரம் எனக்கு ரெண்டு ஆதரவு, ஒரு எதிர்ப்பு போட்டுரு. எதிர்ப்பைக் கொஞ்சம் மென்மையா போடுடி. போன வாரம் காட்டமா போட்டுட்ட, அவ பஸ்ல எங்கூடப் பேசவே மாட்டேங்கா."

"மென்மைன்னா ஆறாம் நம்பர்" என்றது இன்னொரு குரல். "'தோழி கூறியது ஒருவகையில் உண்மையே எனினும்'னு வரும். போதுமா?"

"போதும் போதும். அவ மனசு நோகாம இருந்தாச் சரி."

நான் ஆல்பத்தை மூடிவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனேன். தலைவி பேயைக் கண்டவள் மாதிரி நின்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாரணாபுரத்துப் பெண் எழுந்து நின்று, பழக்கதோஷத்தில் "வாங்க மேடம், என்ன சைஸ்?" என்றாள்.

வகுப்பு மொத்தத்துக்கும் அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லோருடைய பாஸ்வேர்டும் அவளிடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி வைத்திருப்பதைப் போலக் கருத்துக்கும் மாதிரி செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தாள். ஆதரவில் சில வகை, எதிர்ப்பில் சில வகை. வாராவாரம் கேள்விக்குத் தகுந்தபடி நடுவில் விஷயத்தை மாற்றுவாள். வருகைப்பதிவில் ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வாரம் ஆதரவு என்றால் இரட்டைப்படைக்காரர்கள் எதிர்ப்பு. அடுத்த வாரம் மாறும். எதிர்ப்பு மென்மையா, காட்டமா என்பதும், அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்பதும் தனியாக வந்து சொல்பவர்களுக்கு மட்டும்.

"இல்லன்னா எல்லாம் ஒரே பக்கமா போயிருது மேடம்" என்று விளக்கினாள். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"இதுக்கு இவளுக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று தலைவியைக் கேட்டேன்.

"இவ வராத நாளுக்கெல்லாம் நாங்க முறை வச்சு நோட்ஸ் எழுதித் தாரோம் மேடம். அதப் படிச்சுத்தான் இவ எழுதுறா."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வெட்கமாக இல்லையா, காலேஜ் பிள்ளைகளா நீங்கள், கருத்தைக்கூடவா ஆர்டர் கொடுத்து வாங்குவீர்கள் என்று பிரஸ் அதிரக் கத்தினேன். மிஷின்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் கத்தி முடிக்கும்வரை தலைவி பொறுமையாக இருந்தாள்.

"பிரவுசிங் சென்டருக்குப் போனோம்னா எங்க வீட்ல காலை ஒடிச்சிருவாக மேடம். அங்கன ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஸ்கிரீன் போட்டு மறைச்சிருக்காக. நம்ம லேப் பூட்டியே கெடக்கு. அப்படியே தெறந்தாலும் தமிழ்ல அடிக்க எங்க யாருக்கும் தெரியாது. நீங்களே சொல்லுங்க, எங்கன போய்க் கருத்து சொல்ல?"

நான் நாரணாபுரத்துப் பெண்ணைப் பார்த்து, "உன் பேர்லயாவது உன் சொந்தக் கருத்தை எழுதுறியா?" என்றேன். அவள் சற்று யோசித்து, "என் நம்பரும் அந்த வரிசையிலதான மேடம் வருது, அதுலயே போயிரும்" என்றாள்.

லேப்பைத் திறந்துவிடச் சொல்லி மறுநாள் முதல்வரிடம் சண்டை போடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் நான் போவதற்குள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். லேப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கருத்தும் ஒரே இணைப்பிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அது எந்தப் பிரஸ், உள்ளே யார் இருக்கிறார் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தார். லேப்பைத் திறக்கத்தான் அவருக்கு நேரம் இல்லை.

"பச்சை மால்பிராக்டிஸ்" என்றார் முதல்வர். முகம் கருத்திருந்தது. ஆனால் அவருக்கு ஒரு சங்கடம். கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு தீபாவளி முடிந்த கையோடு வருவதாக இருந்தது. அவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் நான்கு பக்கம் விவாத மேடையின் பெருமைதான். மேடை பொய் என்று சொன்னால் அறிக்கையும் பொய்யாகிவிடும். எனவே ஓர் இரவு முழுக்க யோசித்து அவர் ஒரு நீதி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"மத்த பிள்ளைக மார்க் அப்படியே இருக்கட்டும், அது கமிட்டிக்குப் போயாச்சு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் கண்டோனேஷன் கிடையாது."

"எழுதாதவுகளுக்கெல்லாம் முழு மார்க். எழுதுன ஒருத்திக்கு ஹால் டிக்கெட் இல்லையா சார்?" என்றேன்.

"மேடம், ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

நான் விடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். அதற்கு அவர் அவ்வளவாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. கண்டோனேஷன் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய கடைசி நாள், குழு வருகிற அதே நாள். அதற்குள் மனசு மாறினால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு மனசு மாறி நான் பார்த்ததில்லை.

பிரஸ்ஸுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். காலண்டரில் ராகுகாலம் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "சரி மேடம்" என்றாள். என்ன சரி, எது சரி என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுடைய பழைய ஸ்டூலை எடுத்துவிட்டு, முழுநேரம் உட்கார வசதியாக முதுகு சாயும் புது நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அம்மா பிரஸ்காரரிடம் பேசி முடித்துவிட்டாராம். அதற்கு மேல் நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

குழு வந்த அன்று விருதுநகர் ஸ்டேஷனில் சால்வையோடு போய் நின்றோம். டிரைவர் குறுக்கு வழி என்று மிளகாய் வற்றல் குடோன் தெரு வழியாக வண்டியை விட்டுவிட்டார். குழுவினர் மூவரும் பைபாஸ் வரும்வரை தும்மினார்கள். தலைவராக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியை, வெளியூர்க்காரர், குட்டையான, கறாரான அம்மா. தும்மலுக்கு நடுவில்கூட எங்கள் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டு வந்தார்.

லேப்புக்குப் புதுச் சந்தனம் வைத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தான் சொல்லும்வரை யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது என்று பொறுப்பாளர் உத்தரவு போட்டிருந்தார், அதனால் எல்லோரும் கையைக் கட்டியிருந்தார்கள். திட்டப்படி பாலித்தீன் பை பற்றி ஒரு கேள்வி விழும். பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஒரு வரியை ஆங்கிலத்தில் அடிப்பார்கள். சுவரில் பெரிதாகத் தெரியும். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

"பாலித்தீன் பை வேண்டாம். அதை எல்லாக் காலேஜிலும் பார்த்துவிட்டேன்" என்றார் அந்த அம்மா. என்னிடமிருந்து கீபோர்டை வாங்கித் தானே ஒரு கேள்வியை அடித்தார். சுவரில் அது விழுந்தது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதை நிறுத்திவிடலாமா?

அந்தக் கட்டடம் பட்டாசில் கட்டியது. ஏசி பட்டாசில் வந்தது. முன்வரிசை நாற்காலியில் தாளாளர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல்வர் என்னை முறைத்தார், நான்தான் அந்த அம்மாவின் விரலைப் பிடித்து அடித்துவிட்ட மாதிரி.

அப்போது சுவரில் முதல் கருத்து வந்து விழுந்தது. 'பட்டாசு எங்கள் வாழ்வாதாரம். அதை நிறுத்தச் சொல்வோர் எங்கள் அடுப்பையும் சேர்த்தே அணைக்கிறார்கள்.' கீழே வகுப்புத் தலைவியின் பெயர். உடனே இன்னொன்று. பிறகு மளமளவென்று. ஆதரவு, எதிர்ப்பு, ஆதரவு, எதிர்ப்பு. முதல்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குழுத் தலைவி சுவரையே பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். பின் சத்தமாக வாசித்தார். "'பட்டாசை நிறுத்தினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்.' துணிச்சலான கருத்து. யார் இந்தப் பையன்?"

தாளாளரின் தம்பி மகன். இரட்டைப்படை எண்.

"ஏலே" என்றார் தாளாளர்.

பையன் பதறி எழுந்தான். "பெரியப்பா, சாமி சத்தியமா நான் தொடவே இல்ல. கை இங்கனதான் இருக்கு பாருங்க." இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். அவன் கையைத் தூக்கி நிற்கும்போதே சுவரில் அவன் பெயரில் இன்னொரு கருத்து விழுந்தது. தோழி கூறியது ஒருவகையில் உண்மையே எனினும்.

அந்த அம்மா சுவரிலிருந்து பார்வையை எடுத்துப் பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தார். "எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இவ்வளவு வேகமா எப்படி எழுதுறாங்க?"

"தொழில்நுட்பம் மேடம்" என்றார் முதல்வர்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, "ஒரே ஒரு பொண்ணுதான் மேடம் எழுதுறா. அவளை மட்டும்தான் இங்க உள்ள விடல" என்று போட்டு உடைத்தேன். பிரஸ், நோட்ஸ், பூட்டிய லேப், ஹால் டிக்கெட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதல்வர் இடையில் மூன்று தடவை இருமினார். அந்த அம்மா தாளாளர் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள் என்றார். குழுவுக்காக ஏற்பாடு செய்திருந்த அலங்கார வண்டி சிவகாசிக்குப் போனது.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். காதில் பிழை திருத்தும் சிவப்புப் பேனா அப்படியே செருகியிருந்தது.

"உன்னைத் தண்டிச்சிருக்காங்கன்னு தெரியும்தானே? பிறகும் ஏம்மா இன்னைக்கு எழுதின?" என்றார் அந்த அம்மா.

"இந்த வாரத்து ஆர்டர் முன்னாடியே எடுத்தாச்சு மேடம். சொன்ன நாள்ல குடுக்கலன்னா பார்ட்டிக்குக் கஷ்டம்."

"சரி. எல்லாருக்கும் எழுதிட்ட. பட்டாசைப் பத்தி உன் கருத்து என்ன?"

"உங்களுக்கு எது வேணும் மேடம், ஆதரவா எதிர்ப்பா?"

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் வேண்டாம். உன்னோடது."

அவள் சுவரைப் பார்த்தாள். தான் எழுதியதை எல்லாம் முதல் தடவையாக இவ்வளவு பெரிய எழுத்தில் பார்க்கிறாள். "அத இதுவரைக்கும் யாரும் ஆர்டர் குடுக்கல மேடம்" என்றாள் மெதுவாக. பிறகு, "எங்கம்மா பட்டாசுக் கம்பெனியிலதான் இருக்காக. நிறுத்திட்டாகன்னா சோத்துக்கு வழியில்ல. நிறுத்தலன்னா தெனமும் சாயங்காலம் அம்மா வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறவரைக்கும் எனக்கு உசுரு எங்கிட்ட இல்ல. இத எந்தப் பக்கம் போடன்னு எனக்குத் தெரியல மேடம்" என்றாள்.

லோடு ஏற்றுபவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். தாளாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. "பட்டாசைப் பத்திப் பெறகு பேசிக்கிடலாம் மேடம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த லிஸ்ட்ல எம்பேரு போகணும். நான் பரீட்சை எழுதணும். அதான் என் கருத்து."

அந்த அம்மா முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தாளாளரைப் பார்த்தார். "போட்டு விடுங்க சார், பெறகென்ன" என்றார் தாளாளர். அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தது. எப்போதும் சட்டைப்பையில் பேனாக்களை வரிசையாகக் குத்தியிருக்கும் முதல்வர், அன்று குழுவுக்காகக் கோட்டு போட்டிருந்ததால் பேனா இல்லாமல் தடவினார். அவள் காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள். சிவப்பு மையில் போட்ட கையெழுத்து செல்லாது என்று பட்டியலைக் கொண்டுவந்த அலுவலகக் கண்காணிப்பாளர் முனகினார். அந்த அம்மா பார்த்த பார்வையில் அதுவும் செல்லுபடியானது.

குழுவின் அறிக்கையில் எங்கள் விவாத மேடைக்கு நல்ல வார்த்தை இருந்தது, லேப்பைத் திறந்து வைக்கும்படி ஒரு வரியும் இருந்தது. முதல்வர் நல்ல வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டினார். லேப்பைப் பூட்டினார். மேடையையும் மூடிவிட்டார். அடுத்த முறை சென்னையிலிருந்து அவர் கொண்டுவந்தது தியான வகுப்பு. யாரும் பேசத் தேவையில்லை என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்ததும் தினமும் வகுப்புக்கு வரத் தொடங்கினாள். ஒருநாள் நான், காலி மனை வாங்கிப் போடுவதைவிடப் பாதுகாப்பான முதலீடு கிடையாது என்று பாடத்துக்கு நடுவில் சொல்லிவைத்தேன். வீடு கட்டிய பெருமை எனக்கு. பின்னாலிருந்து அவள் எழுந்தாள். "நீங்க சொல்றது தப்பு மேடம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, மேலே சொல் என்றேன். ஆறாம் நம்பரில்தான் ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மணி அடிக்கும்வரை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.